பிரிக்கும் தேதி

8 ஜனவரி

அண்ணனுக்கு,

நலம் விசாரிப்பதற்கு இந்தக் கடிதம் இல்லை. நான் விசாரிக்காமலேயே மூன்று வருஷமாக நீங்கள் நலமாகத்தான் இருக்கிறீர்கள். பெரிய கம்பெனியில் மேற்பார்வை வேலை, தலைக்குத் தொப்பி, உட்கார நாற்காலி என்று அண்ணி யாரிடமோ சொன்னது சுற்றிச் சுற்றி என் காதுக்கும் வந்தது.

என் வீட்டுக்காரர் வாங்கிப் போட்டுவிட்டுப் போன மனையில் வீடு கட்டப் போகிறேன். ஒப்பந்தத்துக்கு விடவில்லை. ஒரு கொத்தனார், இரண்டு ஆட்கள், மீதிக்கு நானும் என் மகளும். தையல் கம்பெனியில் சொல்லி மாலை ஷிப்ட்டுக்கு மாற்றிக்கொண்டேன். காலை முழுவதும் மனையில் நிற்கலாம்.

கொத்தனார் கெட்டவர் இல்லை. ஆனால் எதைக் கேட்டாலும் "அதெல்லாம் நிக்கும்மா" என்கிறார். அது உங்கள் வாயில் கேட்டுப் பழகிய வார்த்தை. அதை நம்பி நான் ஒரு கல்கூட வைக்க மாட்டேன். அதனால்தான் உங்களைக் கேட்க வேண்டியதாகிவிட்டது. இந்த வேலையை முழுசாகத் தெரிந்தவர்கள் எனக்குத் தெரிந்து இரண்டே பேர். அதில் ஒருவர் இல்லை.

போன் செய்ய வேண்டாம். உங்கள் குரலைக் கேட்டுக்கொண்டு அஸ்திவாரத்தைப் பற்றி யோசிக்க என்னால் ஆகாது. நேரில் வரவும் வேண்டாம். வீட்டைத் தவிர வேறு எதையும் எழுத வேண்டாம்.

ஒன்றை மட்டும் நான் எழுதிவிடுகிறேன், மறந்திருந்தால் ஞாபகம் வரட்டும். பூச்சுக்காரர் பக்கத்துத் தெருவில்தான் இருக்கிறார். நீங்கள் மேஸ்திரியாக நின்று கட்டிய அந்தப் பால்கனி விழுந்ததில் என் வீட்டுக்காரருக்கு உயிர் போனது, பூச்சுக்காரருக்கு ஒரு கால் போனது. விசாரணையில் நீங்கள் எழுதிக் கொடுத்த காகிதத்தின் நகல் என்னிடம் இருக்கிறது. "தளத்தைத் தாங்கிய முட்டுக்கம்புகளைப் பிரிக்க நான் சொல்லவில்லை. தச்சர் தானாகவே பிரித்துவிட்டார்." பூச்சுக்காரரின் அம்மா என்னைக் கண்டால் கதவைச் சாத்துகிறாள். என் மகளைப் பள்ளிக்கூடத்தில் ஒருத்தி, "உங்கப்பாதானே முட்டைப் பிடுங்கினாரு" என்று கேட்டிருக்கிறாள். செங்கல் வண்டி அந்தத் தெரு வழியாகத்தான் மனைக்கு வந்தாக வேண்டும்.

இப்போது கேள்வி. மனை களிமண். கொத்தனார் மூன்றடி தோண்டினால் போதும் என்கிறார். போதுமா?

தச்சரின் மனைவி


17 ஜனவரி

தங்கச்சிக்கு,

கடிதத்தைப் பிரித்ததும் "நீங்கள்" என்ற சொல்தான் கண்ணில் குத்தியது. பேசத் தெரிந்த நாள் முதல் நீ, வா, போ என்று என்னை விரட்டியவள் நீ. சரி, உன் இஷ்டம். வீட்டைப் பற்றி மட்டும் என்றாய். அப்படியே ஆகட்டும்.

மூன்றடி போதாது என்று கொத்தனாரிடம் சொல். நம் அடிக்கணக்கு மண்ணுக்குத் தெரியாது. களிமண் தண்ணீரைக் குடித்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். அதற்கு நடுவே மாட்டிய சுவர் தானாக வெடிக்கும். கோடையில் அக்கம்பக்கத்து மனைகளில் எவ்வளவு ஆழத்துக்கு வெடிப்பு விடும் என்று விசாரி. ஒரு நீளக் கம்பியை வெடிப்பில் விட்டுப் பார்த்தவர் யாராவது இருப்பார்கள். அந்த ஆழத்துக்குக் கீழேதான் அஸ்திவாரம் உட்கார வேண்டும். பிறகு கடப்பாரையை இடுப்பு உயரத்திலிருந்து குழிக்குள் போடு. பொதக்கென்று இறங்கினால் இன்னும் தோண்டு. ணங்கென்று கையைத் திருப்பி அடித்தால் நிறுத்து. நாலு மூலையிலும் போட்டுப் பார்க்க வேண்டும், ஒரு மூலையில் பார்த்துவிட்டு டீ குடிக்கப் போகக் கூடாது.

குழியில் தண்ணீர் நின்றிருந்தால் சேற்றை வழித்துவிட்டுத்தான் மணலைப் பரப்பி இடிக்க வேண்டும். சேற்றின் மேல் கான்கிரீட் போடுவது மெத்தையின் மேல் அடுப்பு வைத்த கதை.

மட்டம் பார்க்க, தண்ணீர் நிரப்பிய ட்யூப். உள்ளே ஒரு காற்றுக்குமிழ் இருந்தாலும் அது பொய் சொல்லும். ஒரு முனையை நீயே பிடி. கொத்தனார் கண்ணாலேயே மட்டம் சொல்கிறேன் என்பார், எல்லாக் கொத்தனாருக்கும் அந்த வியாதி உண்டு. எனக்கும் இருந்தது.

நம்ம காலண்டர் மாப்பிள்ளை இருந்திருந்தால் இதற்குள் முளைக்குச்சியில்கூடத் தேதி போட்டிருப்பார். என்ன மனுஷன். ஒவ்வொரு முட்டுக்கம்பிலும் தாரைத் தொட்டு, கான்கிரீட் ஊற்றிய தேதி ஒன்று, முட்டைப் பிரிக்கும் தேதி ஒன்று. பிரித்து முடித்ததும் ஒரு கோடு போட்டு இரண்டையும் அடிப்பார். அடுத்த தளத்துக்கு மறுபடி புதுத் தேதி. ஆட்கள் அவரிடம் போய், "அண்ணே, சம்பளத் தேதி எந்தக் கம்புல இருக்கு" என்று கேட்டுச் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார்.

மருமகள் எத்தனாவது படிக்கிறாள்? பதில் எழுதாவிட்டாலும் பரவாயில்லை.

அண்ணன்


4 பிப்ரவரி

அண்ணனுக்கு,

அந்தப் பட்டப்பெயரை எழுத உங்களுக்குக் கை வந்திருக்கிறது. அப்படித் தேதி பார்த்துப் பார்த்து வேலை செய்த மனிதர், ஆறாம் நாள் காலையில் தானாகப் போய் முட்டைப் பிடுங்கினார் என்று எழுதிக் கொடுக்கவும் அதே கைதான் வந்தது. இனி அந்தப் பெயர் உங்கள் கடிதத்தில் வரக் கூடாது.

கடப்பாரை மூன்று மூலையில் நான்கரை அடியில் ணங்கென்றது. நாலாவது மூலை ஐந்தரை கேட்டது. கொத்தனார், "என்னம்மா, வீடு கட்டறீங்களா கிணறு வெட்டறீங்களா" என்றார். இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. நான் அவரை விட நன்றாக உம்மென்று இருப்பேன், மூன்றாம் நாள் அவரே பேசினார். ட்யூபின் ஒரு முனையை மகள் பிடித்தாள். குமிழ் இருக்கிறதா என்று நாலு தடவை பார்த்தாள். அவள் அப்பாவின் பெண்.

அடுத்த வாரம் செங்கல், மணல், சிமெண்ட் மூன்றும் வருகின்றன. மூன்றிலும் எப்படி ஏமாற்றுவார்கள் என்று எழுதுங்கள். ஏமாற்று வேலை உங்களுக்குத் தெரியாதது இல்லை.

தச்சரின் மனைவி


13 பிப்ரவரி

தங்கச்சிக்கு,

கடைசி வரியை இரண்டு தடவை படித்தேன். வாங்கிக்கொண்டேன்.

செங்கல்: இரண்டை எடுத்து ஒன்றோடு ஒன்று தட்டு. கணீரென்று கேட்க வேண்டும். மொத்தென்று கேட்டால் வேகாத கல். நகத்தால் கீறினால் கோடு விழக் கூடாது. மார்பு உயரத்திலிருந்து தட்டையாகப் போட்டால் உடையக் கூடாது. லோடின் மேலடுக்கில் எடுத்துப் பார்க்காதே, மேலே எப்போதும் நல்ல கல்தான் இருக்கும். நடுவில் கையை விட்டு உருவு. கட்டுவதற்கு முன் நன்றாக ஊறப்போடு. காய்ந்த கல் கலவையில் உள்ள தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும், பிறகு கலவை வெறும் தூளாகத்தான் நிற்கும்.

மணல்: ஒரு கண்ணாடி டம்ளரில் நாலு விரல் மணல் போட்டுத் தண்ணீர் ஊற்றிக் கலக்கி வை. தெளிந்ததும் மணலுக்கு மேல் சேறு படியும். அது அரைவிரல் கனம் இருந்தால் லாரியைத் திருப்பி அனுப்பு. டிரைவர் கத்துவான், கத்தட்டும். ஒரு சிட்டிகை நாக்கில் வைத்துப் பார். உப்புக் கரித்தால் அந்த மணல் பத்து வருஷத்தில் கம்பியைத் தின்றுவிடும்.

சிமெண்ட்: மூட்டைக்குள் கையை விட்டால் சில்லென்று இருக்க வேண்டும். கட்டி இருந்து, விரலால் நசுங்காவிட்டால் பழைய சரக்கு. தரையில் அடுக்காதே, சுவரை ஒட்டியும் அடுக்காதே, பலகை போட்டு அடுக்கு. கலவையில் தண்ணீரை அதிகம் விட ஆட்கள் துடிப்பார்கள், தள்ளுவதற்கு லகுவாக இருக்கும். நீ வாளியின் மேலேயே கண்ணை வை.

சுவர் எழுந்ததும் ஏழு நாள் தண்ணீர் விடு. காலையும் மாலையும்.

விசாரணையைப் பற்றி ஒன்று மட்டும். அன்றைக்கு ஒரு அறையில் மூன்று பேர் சுற்றி உட்கார்ந்து கேட்டார்கள். எனக்கும் இரண்டு பெண்பிள்ளைகள். அந்த அறையில் உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும். இதற்கு மேல் எழுதவில்லை. நீதான் வீட்டைப் பற்றி மட்டும் என்றாயே.

அண்ணன்


10 மார்ச்

அண்ணனுக்கு,

தேதியைப் பார்த்துத்தான் இன்றைக்கு எழுத உட்கார்ந்தேன். உங்களுக்கு இது என்ன நாள் என்று தெரிந்திருக்கும்.

மணல் லாரி ஒன்றைத் திருப்பி அனுப்பினேன். சுவர் ஜன்னலுக்கு மேல் வந்துவிட்டது. தளம் ஊற்றும் முன் ஒன்று கேட்க வேண்டும். அவர் சட்டை அட்டைப்பெட்டியின் மூடியில் இந்த வீட்டை வரைந்து வைத்திருந்தார். இரண்டு அறை, சமையலறை, மேலே ஒரு அறை, அதன் முன்னால் மூன்றடிக்கு ஒரு பால்கனி. "ஒரு நாற்காலி போடறாப்பல இருந்தா போதும், பாப்பா உக்காந்து படிக்கும்" என்பார். தூண் கிடையாது. சுவரிலிருந்து வெளியே நீண்டு நிற்க வேண்டும். அன்றைக்கு விழுந்ததும் அதே மாதிரிதான் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் அவர் வரைந்ததைத்தான் கட்டுவேன்.

எப்படிக் கட்ட வேண்டும் என்று எழுதுங்கள்.

தச்சரின் மனைவி


19 மார்ச்

தங்கச்சிக்கு,

பால்கனி வேண்டாம். சொல்வதைக் கேள். ஜன்னலுக்கு மேல் ஒன்றரை அடி மறைப்பு போட்டுக்கொள், மழைக்குப் போதும். வீதியைப் பார்த்து உட்கார்ந்து படிக்கும் பிள்ளை எந்த வீட்டில் இருக்கிறது? உள்ளே ஒரு மேஜையைப் போடு.

நீ கேட்க மாட்டாய். அதனால் எழுதுகிறேன்.

மற்றத் தளங்களில் முக்கியமான கம்பி கீழே இருக்கும். வெளியே நீண்டு நிற்கும் தளத்தில் அது மேலே இருக்க வேண்டும். காரணம், நுனியில் எடை விழுந்தால் மேல்பக்கம்தான் இழுபடும். பாதிக் கொத்தனார்களுக்கு இது தெரியாது. தெரிந்தவர்களும் கம்பியை மேலே கட்டிவிட்டு, ஊற்றும்போது அதன் மேலேயே நடந்து மிதித்துக் கீழே தள்ளிவிடுவார்கள். நாற்காலி மாதிரி வளைத்த கம்பிகளைக் கீழே கொடுத்துத் தாங்க வை. நடக்கத் தனியாகப் பலகை போடு. கம்பி வெளியே மூன்றடி என்றால் உள்ளே அறையின் தளத்துக்குள் ஐந்தடிக்குக் குறையாமல் போக வேண்டும். கம்பிக்கும் பலகைக்கும் நடுவே சிறு சிமெண்டுக் கட்டை வை, வெறும் ஓட்டாஞ்சில்லு வைக்க விடாதே. ஊற்றும்போது நடுவில் நிறுத்தக் கூடாது. அறையின் தளமும் பால்கனியும் ஒரே ஓட்டத்தில் ஊற்ற வேண்டும். ஓரக் கைப்பிடிச்சுவரைச் செங்கல்லில் கட்டாதே, இரும்புக் குழாய் போதும், எடை குறையும். தண்ணீர் தேங்காமல் வெளிப்பக்கம் லேசாகச் சரிவு கொடு.

இதையெல்லாம் கொத்தனாருக்கு வாயால் சொல்லாதே. காகிதத்தைக் கையில் கொடு.

பத்தாம் தேதியை நானும் மறக்கவில்லை.

அண்ணன்


6 ஏப்ரல்

அண்ணனுக்கு,

மூன்று பக்கம் எழுதியிருக்கிறீர்கள். கம்பி, கட்டை, சரிவு, குழாய் எல்லாம் வந்துவிட்டது. முட்டைப் பற்றி ஒரு வரி இல்லை. எத்தனை நாள் நிற்க வேண்டும், எந்தப் பக்கத்திலிருந்து பிரிக்க வேண்டும், ஒன்றும் இல்லை. முதலில் மறதி என்று நினைத்தேன்.

போன செவ்வாய்க்கிழமை முட்டுக்கம்பு வாடகைக்கு எடுக்கப் போனேன். ஊர்க்கோடியில் இருக்கிற கடை. கடைக்காரர் என்னைப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போய், "இதெல்லாம் பழசு, ஆனா வைரம் பாய்ஞ்ச கட்டை. ஒரு மேஸ்திரி ஊரை விட்டுப் போறப்ப மொத்தமா தள்ளிவிட்டுட்டுப் போனார்" என்றார். ஒவ்வொன்றாகத் தூக்கி வளைவு இருக்கிறதா என்று பார்த்தேன். பத்தாவதோ பதினொன்றாவதோ கம்பின் அடியில் தார் எழுத்து இருந்தது.

அவர் எழுத்து. நாலை எழுதும்போது கால் கோணலாக இழுப்பாரே, அதே நாலு. மேலே பழைய தேதிகள் எல்லாம் கோடு போட்டு அடித்திருக்கின்றன. கடைசியாக ஒன்று மட்டும் அடிக்கவில்லை. "ஊற்றியது 4-3. பிரிப்பது 1-4." அதற்குக் கீழே அந்த வருஷம்.

நான் அந்தக் கம்பைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். கடைக்காரர், "என்னம்மா, கையில சிலாம்பு ஏறிடுச்சா" என்று கேட்டார். ஆமாம் என்றேன். தேடியதில் அதே தேதியோடு ஏழு கம்புகள் கிடைத்தன. ஏழையும் எடுத்துவந்துவிட்டேன்.

ஏப்ரல் ஒன்றாம் தேதி பிரிப்பதாகத் தன் கையால் ஏழு கம்பில் எழுதியவர், மார்ச் பத்தாம் தேதி தானாக எப்படிப் பிரிப்பார்?

இதை மட்டும் பழையபடி கேட்கிறேன். நீ சொன்னாயா? பால்கனிக்கு முட்டு எத்தனை நாள் நிற்க வேண்டும், எப்படிப் பிரிக்க வேண்டும், அன்றைக்கு யார் சொல்லி யார் பிரித்தது, எல்லாவற்றையும் உன் கையெழுத்தில், தேதி போட்டு எழுது.

தச்சரின் மனைவி


14 ஏப்ரல்

தங்கச்சிக்கு,

பழைய கம்பில் ஆயிரம் தேதி இருக்கும். அதைப் பிடித்துக்கொண்டு என்னைக் கூண்டில் ஏற்றப் பார்க்கிறாய். முட்டு எத்தனை நாள் என்று உன் கொத்தனாரைக் கேட்டாலே சொல்வார். அதற்கு என் கையெழுத்து எதற்கு?

நானும் சொல்ல ஆரம்பித்தால் நிறைய இருக்கிறது. மாப்பிள்ளைக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்தது யார்? உன் கல்யாணத்தில் ஓடியாடி நின்றது யார்? போனவர் திரும்பி வரப்போவதில்லை. இருக்கிறவர்களையும் குழியில் தள்ளினால் உனக்கு மனம் ஆறிவிடுமா? பெரியவளுக்கு வரன் கூடி வந்திருக்கிறது. மே மாதம் நாள் குறிக்கப் போகிறார்கள். உன் அண்ணன் மகள். அவள் உன் மடியில் வளர்ந்தவள்.

பால்கனியை விட்டுவிடு. எல்லாவற்றையும் விட்டுவிடு.

அண்ணன்


21 ஏப்ரல்

அண்ணனுக்கு,

நாளை 22ஆம் தேதி தளமும் பால்கனியும் ஊற்றுகிறோம். நீங்கள் எழுதியபடி மேலே கம்பி, உள்ளே ஐந்தடி, ஒரே ஓட்டம். பால்கனிக்கு அடியில் அவருடைய ஏழு கம்புகளைத்தான் நிறுத்தியிருக்கிறேன்.

நீங்கள் எழுதும்வரை அந்த முட்டுகளைப் பிரிக்க மாட்டேன். ஒரு மாதம் ஆனாலும் சரி, ஒரு வருஷம் ஆனாலும் சரி. முட்டோடு நிற்கிற வீட்டில் குடியிருந்துகொள்கிறேன்.

தச்சரின் மனைவி


20 மே

இன்றோடு இருபத்தெட்டு நாள். முட்டு நிற்கிறது.

வாடகைக் கடைக்காரர் மூன்று தடவை ஆள் அனுப்பினார். கொத்தனார், "என்னம்மா, வேண்டுதலா" என்று கேட்கிறார். வாசலில் ஏழு கம்புக்கு நடுவே குனிந்து நுழைந்து போகிறோம். மகள் ஏன் என்று கேட்கவில்லை. அவளுக்கு அந்த எழுத்தைக் காட்டிவிட்டேன்.

உங்கள் மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வந்தது. நன்றாக இருக்கட்டும். அவள் மேல் எனக்கு ஒன்றும் இல்லை.

தச்சரின் மனைவி


9 ஜூன்

தங்கச்சிக்கு,

கல்யாணம் முடிந்தது. அது முடியட்டும் என்றுதான் இத்தனை நாள் காத்திருந்தேன் என்று நீ நினைப்பாய். ஆமாம், அதற்காகத்தான் காத்திருந்தேன்.

நீ கேட்டதற்குப் பதில். வெளியே நீண்டு நிற்கும் தளத்துக்கு இருபத்தெட்டு நாள் முட்டு நிற்க வேண்டும். அதுவரை தினமும் தண்ணீர் விட வேண்டும். பிரிக்கும்போது நுனியிலிருந்து தொடங்கிச் சுவரை நோக்கி வர வேண்டும். ஒவ்வொரு கம்பையும் லேசாகத் தளர்த்தி, கொஞ்சம் பொறுத்துப் பார்த்து, பிறகு எடுக்க வேண்டும். மேலே எந்த எடையும் இருக்கக் கூடாது. கீழே ஆள் நிற்கக் கூடாது, பக்கவாட்டில் நின்றுதான் தட்ட வேண்டும். இது எனக்கு இருபது வருஷமாகத் தெரியும். அன்றைக்கும் தெரியும்.

அன்று மார்ச் 10, காலை ஒன்பது மணி இருக்கும். எதிர்த்தெருவில் எனக்கு இன்னொரு கட்டடம். மறுநாள் தளம் ஊற்ற ஆட்களுக்கும் மிஷினுக்கும் சொல்லியாகிவிட்டது. முட்டுக்கம்பு நாற்பது குறைந்தது. வெளியே வாடகைக்கு எடுக்க அரைநாள் ஆகும். அந்த அரைநாளைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. மாப்பிள்ளையை மாடிக்குக் கூப்பிட்டுப் பால்கனி முட்டைப் பிரிக்கச் சொன்னேன்.

"மச்சான், இது இன்னும் பச்சை. ஏப்ரல் ஒண்ணுதான் தேதி."

"உங்க தேதியை வீட்டுல மாட்டி வைங்க மாப்ள. வெயில்ல காஞ்சு கிடக்கு. அதெல்லாம் நிக்கும்."

"நுனியில ஒரு வரிசையாச்சும் விட்டுருவோம்."

"நாப்பதும் வேணும். இங்க நான் மேஸ்திரியா, நீங்க மேஸ்திரியா?"

பேசியது இவ்வளவுதான்.  அவர் சுத்தியலை எடுத்துக்கொண்டு இறங்கினார். வேறு ஒரு மேஸ்திரி சொல்லியிருந்தால் சுத்தியலை விட்டெறிந்துவிட்டு வீட்டுக்கு வந்திருப்பார். மனைவியின் அண்ணனை எதிர்த்துப் பேசக் கூடாது என்றுதான் இறங்கினார். அது எனக்கு அப்போதே தெரியும். தெரிந்துதான் அப்படிக் கேட்டேன்.

பூச்சுக்காரர் கீழே கம்புகளை வாங்கி வண்டியில் வைத்துக்கொண்டிருந்தார். மாடியில் எங்கள் இருவரைத் தவிர யாரும் இல்லை, பேசியது அவர் காதுக்கு வந்திருக்காது. முப்பது கம்பு வண்டியில் ஏறிய பிறகு பால்கனி விழுந்தது. விசாரணையில் முதல் கேள்வியே "யார் பிரிக்கச் சொன்னது" என்பதுதான். மாப்பிள்ளை இல்லை, பூச்சுக்காரர் மயக்கத்தில் கிடந்தார். எனக்கு லகுவாகிவிட்டது.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன். நீ என்னை எவ்வளவு வெறுத்தாலும் போதாது என்று எனக்குத் தோன்றுவது இதனால்தான். வண்டியில் ஏறிய அந்த முப்பது கம்பைக் கொண்டுதான் மூன்றாம் நாள் எதிர்த்தெருத் தளத்தை ஊற்றினேன். பழைய தேதியை அடித்துப் புதுத் தேதி போட ஆள் இல்லை. அதனால்தான் உனக்கு அது அப்படியே கிடைத்தது. நான் அந்த எழுத்தைப் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் மேலே ஏறி ஊற்றச் சொன்னேன்.

இதை நீ எதற்குக் கேட்கிறாய் என்று தெரியும். தெரிந்தே எழுதுகிறேன். எங்கே வேண்டுமானாலும் காட்டு. இது என் கையெழுத்து என்று நான் ஒப்புக்கொள்வேன்.

முட்டைப் பிரித்துவிடு. நீ எழுதியபடி ஊற்றியிருந்தால் அது நிற்கும்.

ஒரே ஒரு தடவை வந்து பார்க்கட்டுமா? உள்ளே வரமாட்டேன். வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போகிறேன்.

மேஸ்திரி


26 ஜூன்

அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தை முதலில் பூச்சுக்காரர் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனேன். அவர் அம்மா கதவைச் சாத்த வந்தாள். "நீங்க திட்டறதை அப்புறம் திட்டுங்க, இதை மட்டும் படிச்சிடறேன்" என்றேன். வாசலில் நின்றபடியே முழுசாகப் படித்தேன். பூச்சுக்காரர் கட்டிலில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். முடித்ததும், "மாடியில பேசினதை மட்டும் இன்னொருவாட்டி படிங்க" என்றார். படித்தேன்.

"மேல ஏதோ பேச்சு நடந்துச்சு. மச்சான்னு ஒரு வார்த்தைதான் காதுல விழுந்துச்சு. மூணு வருஷமா அது என்ன பேச்சுன்னு யோசிச்சுக்கிட்டே கிடக்கறேன்" என்றார். அவர் அம்மா எனக்கு ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டாள். நாங்கள் மூன்று பேரும் அழுதோம். அதை உங்களிடம் ஏன் மறைக்க வேண்டும்?

மறுநாள் அவர் ஊன்றுகோலோடு மனைக்கு வந்தார். விழுந்த நாளிலிருந்து எந்தப் பால்கனிக்குப் பக்கத்திலும் அவர் போனதில்லையாம். எங்களைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, எந்தக் கம்பை முதலில் தட்டுவது என்று அவரே சொன்னார். நுனியிலிருந்து சுவரை நோக்கி. ஒவ்வொன்றையும் தளர்த்திவிட்டுப் பொறுத்தோம். கடைசிக் கம்பை நான் தட்டினேன். நின்றது. அரைமணி நேரம் எல்லோரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தோம். ஒரு மயிரிழை விரிசல் இல்லை. அடிப்பூச்சைத் தானே பூசுவதாகப் பூச்சுக்காரர் சொல்லியிருக்கிறார். மேலே பார்த்தபடி பூச வேண்டிய வேலை, அந்தக் காலோடு எப்படிச் செய்வார் என்று தெரியவில்லை. வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மகள் தாரும் குச்சியும் எடுத்துவந்தாள். ஏழு கம்பிலும் அவர் எழுதிய தேதியைக் கோடு போட்டு அடித்தோம். நாலு கம்பை அவள் அடித்தாள், மூன்றை நான்.

உங்கள் கடிதத்தின் நகல் ஒன்று பூச்சுக்காரரிடம் இருக்கிறது. ஒன்றை மகள் தன் பள்ளிக்கூடப் பையில் வைத்திருக்கிறாள், யாராவது கேட்டால் காட்டுவதற்கு. கடிதத்தை விசாரணை அலுவலகத்துக்கு நேற்றுப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். கூப்பிட்டு அனுப்புவார்கள். அந்த அறையில் இந்தத் தடவை என்ன சொல்ல வேண்டும் என்று உங்களுக்கு எழுதித் தர வேண்டியதில்லை.

நீங்கள் எழுதியது எல்லாம் சரியாக இருந்தது. ஒன்றுகூடத் தப்பில்லை. வீட்டில் எங்கே தட்டினாலும் உறுதியாகத்தான் கேட்கிறது. அதை நினைக்கும்போதுதான் எனக்கு அதிகமாக எரிகிறது. இவ்வளவும் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்துதான் அவர் செத்தார்.

வரட்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். வாசலில் நின்று பார்க்கவும் வேண்டாம். வீட்டின் மீதி வேலையை நாங்களே முடித்துக்கொள்வோம். இனி உங்களிடம் கேட்க எனக்கு ஒன்றும் இல்லை.

காலண்டரின் மனைவி